புளி தேய்த்த இரட்டைக்குழல்

வந்தவர் துப்பாக்கியை உடனே தொடவில்லை. கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, கூடத்து மேசையில் கிடந்த அந்த இரட்டைக்குழலைப் பார்த்தபடியே நின்றார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை பொறுமையாகப் பார்ப்பதில்லை என்று அடுக்களை வாசலில் நின்ற சொர்ணாம்பாளுக்குத் தோன்றியது.

தியாகராசன் திருச்சிக்காரர். இயந்திரம் வானத்தில் வீசும் களிமண் தட்டுகளைப் பறக்கும்போதே சுட்டு உடைக்கிற போட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்காகப் பழைய துப்பாக்கிகளை ஊர் ஊராகத் தேடி வாங்குகிறவர். இந்தத் துப்பாக்கி, காரைக்காலை அடுத்த இந்த நெரவியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் சொர்ணாம்பாளின் மாமனார் வாங்கியது. அவருக்குப் பின் லைசென்ஸ் அவள் கணவர் சண்முகசுந்தரத்தின் பெயருக்கு வந்தது. அவர் அதை ஒரு நாளும் தோளில் வைத்ததில்லை. சுனாமியில் உப்பேறிய வயல் இன்னும் தேறவில்லை. துப்பாக்கி நல்ல விலைக்குப் போனால் மகள் தேவிகா நர்சிங் சேரலாம். போகாவிட்டால் இந்த வருடமும் வீட்டில்தான்.

தியாகராசன் குழல்களைத் தனியே கழற்றி, வாசல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். குழல்களின் அடிக்கொக்கியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். பூசை மணி மாதிரி நீளமாக ஒலித்தது.

"ரெண்டு குழலையும் சேத்துப் பத்தவச்ச எடம் எங்கயும் விடலைங்க. அருமை." திரும்பவும் பூட்டி ஆட்டிப் பார்த்தார். "ஆட்டமும் இல்ல."

சண்முகசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. "எங்கப்பா சாமான்னா சும்மாவாங்க?"

குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பியதும் தியாகராசனின் புருவம் சுருங்கியது. "முத்திரை இருக்கணுமே. எந்த வெடிமருந்து தாங்கும்னு அதுலதான் போட்டிருப்பான். மழுங்கிக் கெடக்கு. தேச்சீங்களா?"

"இல்லிங்களே. எடுத்து வச்சபடியே இருக்கு."

சொர்ணாம்பாள் கணவரைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. நேற்று முழுக்க அவள் புளியும் செங்கல் பொடியுமாக அதைத் தேய்த்தாள். 'பளபளன்னு இருக்கட்டும்டி, வர்றவன் அசந்து போவணும்' என்றவரே அவர்தான். நேற்று மட்டுமா? ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் தேய்த்துப் பொட்டு வைப்பது அவள் வேலை.

"குழல்ல ரெண்டு சாதி இருக்குங்க," என்றார் தியாகராசன். "ஒண்ணு முழு எஃகு. இன்னொண்ணு இரும்பையும் எஃகையும் நாடாவா முறுக்கிச் சுத்திச் செஞ்சது. பார்க்க ரொம்ப அழகு, குழல் பூரா வரி வரியா ஓடும். ஆனா இப்பத்திய தோட்டாவப் போட்டா வெடிச்சாலும் வெடிச்சிடும். சுவத்துல மாட்டத்தான் ஆகும்." குழலை வெயிலில் உருட்டினார். "இதுல ஒரு வரியும் காணோம். எஃகுதான் போல. எடுத்துக்கறேன். எம் மகதான் இதுல சுடப் போறா. காலேஜ் ரெண்டாவது வருசம்."

"வெடிச்சா எங்கங்க வெடிக்கும்?" சொர்ணாம்பாள் கேட்டுவிட்டாள்.

அவர் இடது கையால் குழலை ஏந்திக் காட்டினார். "பெரும்பாலும் இங்கதாம்மா. இந்தக் கைக்கு மேல."

"ஒனக்கென்ன அதெல்லாம்? போயி காப்பியக் கொண்டா," என்றார் சண்முகசுந்தரம்.

அடுக்களையில் குழம்புக்கு ஊறிய புளி இருந்தது. பூசை நாட்களில் புளியைப் பூசிவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், குழலில் என்னமோ நெளிந்து கிடக்கும். கறை என்று நினைத்து, அது போகும்வரை செங்கல் பொடியால் தேய்ப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நெளிவுகள் புளி பூசாமலே தெரிந்தன. எத்தனை வருடம் பாடுபட்டு அவற்றைப் போக்கினாள்! அவர் சொன்ன வரி அதுதான். தேவிகாவின் முகமும், பார்த்தேயிராத இன்னொரு பெண்ணின் கையும் மாறி மாறி வந்தன.

ஒரு கையில் காபி, மறு கையில் புளிக் கிண்ணத்தோடு வந்தவள், காபியை வைத்துவிட்டுப் புளியை வழித்துக் குழலில் அப்பினாள்.

"அம்மா! அய்யய்யோ!" தியாகராசன் எழுந்தே விட்டார்.

"ஏய், பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"அவங்க காப்பிய ஆற அமரக் குடிக்கட்டும். அதுக்குள்ள தெரிஞ்சிடும்," என்றாள்.

தியாகராசன் குடித்து முடித்ததும் அவள் ஈரத்துணியால் துடைத்தாள். அலை வடிந்த மணலில் தங்கும் கோடுகளைப் போல, மங்கலாக, சுற்றிச் சுற்றி வரிகள் கிளம்பியிருந்தன. இரண்டு குழலிலும், கடைசிவரை.

தியாகராசன் விரலால் அவற்றைத் தொடர்ந்து போனார். "எவ்வளவு அழகு," என்றார் மெல்ல. பிறகு சண்முகசுந்தரத்தை ஒரு முறை பார்த்தார். குழலை மேசையிலேயே வைத்துவிட்டுக் கைகழுவத் தண்ணீர் கேட்டார். செருப்பை மாட்டும்போது அவளைப் பார்த்து மட்டும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கார் சத்தம் ஓய்ந்த பிறகும் சண்முகசுந்தரம் நாற்காலியை விட்டு எழவில்லை. "வெடிக்கும்னு எனக்குத் தெரியுமாடி?" என்றார்.

"தேய்க்கலைன்னு சொன்னீங்களே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் காரைக்கால் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள் தேவிகா. "என்னம்மா, எடுத்துட்டுப் போயிட்டாரா?"

"ஒங்கம்மாளக் கேளு," என்றார் உள்ளேயிருந்து அவர்.

சொர்ணாம்பாள் மகளின் இடது கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா, ஒங் கையெல்லாம் புளி?" என்றாள் தேவிகா.