போ சானின் தோட்டம் புறப்பட்டுப் போன நாள்

இன்லே ஏரியில் கால் ஒடிந்தவனுக்குக் கையும் ஒடிந்த மாதிரிதான். அங்கே துடுப்பைத் தள்ளுவது கால். வீட்டு ஏணியிலிருந்து விழுந்து போ சான் முழங்காலை உடைத்துக்கொண்டபோது, அவன் சிநேகிதன் தூன் யின் அவனைத் தன் படகில் உட்கார வைத்துச் சந்தைக்கும் மடத்துக்கும் ஓட்டினான். அடுத்த மழைக்குள் கால் கூடிவிட்டது. தூன் யின்தான் அதை நம்பவில்லை.

"உக்காருடா. வழுக்கி விழுந்தா மறுபடி நான்தான தூக்கணும்."

போ சான் உட்கார்ந்தான். வருஷக்கணக்கில் உட்கார்ந்தான். அவன் தக்காளிக்கு விலை சொல்வது தூன் யின். அவன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது தூன் யின். ஒரு விதவை போ சானைப் பார்த்துச் சிரித்தபோது, "வேணாம், அவளுக்குக் கோவம் ஜாஸ்தி" என்று அவனுக்காக முடிவெடுத்ததும் தூன் யின்தான். நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினான்.

தூன் யின்னைக் கேட்காமல் போ சான் தும்மமாட்டான் என்று பக்கத்து வீட்டு மா டின் சொல்வாள். சும்மா சொல்லவில்லை. காலையில் வந்த தும்மலை அவன் சாயங்காலம்வரை மூக்கிலேயே வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அந்த வருஷம் தண்ணீர் ஏறியது. நீர்ப்பாசி மெத்தைமேல் தக்காளி போட்ட அவன் மிதக்கும் தோட்டத்தை ஏரித் தரையோடு பிடித்திருக்கும் மூங்கில் கழிகள் குட்டையாகிவிட்டன.

"நீளக் கழி ஊனணும்ல? நானே போயி..." என்றான் போ சான்.

"நீயா? நீ கழிய ஊனுவியா, கழி உன்ன ஊனுமா? சந்தை முடிஞ்சு நான் வர்றேன். அதுவரைக்கும் படகுல கால வைக்காத."

சந்தை முடிவதற்குள் காற்று வந்துவிட்டது. கழிகள் பிடுங்கிக்கொள்ள, போ சானின் தோட்டம் பழுத்த தக்காளியோடும் அதன்மேல் நின்ற கொக்கோடும் புறப்பட்டது. வழியில் ஒரு கல்யாணப் படகுக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டதாம்.

"போ சான்! ஒஞ்சோறு போகுதுடா! படகு கீழதான கட்டிக் கெடக்கு!" என்று மா டின் தொண்டை கிழியக் கத்தினாள்.

"தூன் யின் வரட்டும்க்கா."

தூன் யின் வந்து, அவனையும் ஏற்றிக்கொண்டு தேடிப் போனபோது, தோட்டம் கோரைக்குள் மோதிச் சிதறிக் கிடந்தது. தக்காளிகள் தண்ணீரில் சிவப்பாக ஆடின. இழுத்து வர ஒரு துண்டுகூட முழுதாக இல்லை.

"கண்ணால பாத்துக்கிட்டா இருந்த? ஒனக்குக் கால் இல்ல?"

"நீதான வைக்காதன்ன."

தூன் யின் துடுப்பை நீட்டினான். "இந்தா. வீட்டுக்கு நீ ஓட்டு."

போ சான் எழுந்தான். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்குவதுபோலத் துடுப்பை வாங்கினான். காலை அதில் சுற்றினான், தள்ளினான். படகு நின்ற இடத்திலேயே வட்டமிட்டது. மறுபடி தள்ளினான். படகின் மூக்கு மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

தூன் யின் பல்லைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை.

"அப்படி இல்லடா! குதிகால இறக்கு! இடது பக்கம்... இடதுன்னா இடது!"

போ சான் துடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான்.

"ஏன்டா?"

"நீயே ஓட்டு. நீதான் நல்லா ஓட்டுவ."

தூன் யின் ஓட்டினான்.