சியூலுவானின் வலது கை

குப்பை லாரியின் பாட்டு கோயில் முனையில் கேட்டதும் எங்கள் சந்து வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு பைகளோடு வெளியே வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் விட்டது. லாரிக்குப் பின்னால் நடந்து வந்த இரண்டு பேரும் நிலாவுக்குப் புறப்பட்டவர்களைப் போல இருந்தார்கள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கண்ணில் நீச்சல்காரன் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி, முட்டிவரை தொங்கும் பளபளப்பு மேல்சட்டை, முழங்கைவரை ரப்பர் கையுறை, காலில் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். முந்தின நாள்வரை லாரியின் பின்படியில் தொற்றிக்கொண்டு, பூப்போட்ட துணித்தொப்பி காற்றில் அடிக்க வருவாளே எங்கள் சியூலுவான், அவள் இந்த இரண்டில் ஏதோ ஒன்று. எது என்றுதான் தெரியவில்லை. கூட வருகிற பூன்கியாட் ஆண்பிள்ளைதான். ஆனால் கடவுள் அவனைப் பிடிக்கும்போது மாவு தீர்ந்துபோயிருக்க வேண்டும். அவளைவிட அரை விரல்கூட உயரம் இல்லை.

"என்னடி இது, தீயணைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு மீன் உருண்டைக்காரி.

"யாரோ நகராட்சிக்குப் போன் போட்டுப் புகார் சொல்லியிருக்காங்க" என்றது இடதுபக்க ஹெல்மெட், சியூலுவான் குரலில். "நான் லாரி வாய்க்குள்ள கையை விடுறேனாம். படியில தொங்குறேனாம். வர்ற சனிக்கிழமை பூரா பாதுகாப்பு வகுப்பு. இன்னொரு தடவை கை உள்ள போனதா தகவல் வந்தா லாரியிலேர்ந்து இறக்கி, மேம்பாலத்துக்கு அடியில பெருக்க அனுப்பிடுவாராம் மேற்பார்வையாளர்."

சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. பின்னாலேயே சந்து முழுவதும் திரும்பியது.

எனக்கு இந்தச் சந்து முனையில் துணி திருத்தித் தைக்கிற கடை. தையல் மிஷின் தெருவைப் பார்த்துக் கிடப்பது வெளிச்சத்துக்காக. தெருவில் நடப்பது கண்ணில் படுகிறதென்றால் அது தெருவின் குற்றம். யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை, எந்தப் பையில் எத்தனை பீர் டப்பா போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரிந்ததைத் தெருவுக்குத்தான் சொல்வேனே தவிர, நகராட்சிக்குச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மறுநாளே மீன் உருண்டைக்காரி, இடுப்பு பிடிக்க என்னிடம் கொடுத்திருந்த கால்சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சந்தைத் தையல்காரனிடம் போய்விட்டாள்.

அந்த முதல் நாளின் உண்மையான வேடிக்கை வேறு. எங்கள் சந்தின் கடைசி வீட்டில் கோ திங்ஹாய் என்று ஒருவர் இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம். லேத் பட்டறையிலும் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷினிலும் காலம் தள்ளியவர். வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் மிஷினோடு போயின. தனி மனிதருக்கு எவ்வளவு குப்பை சேரும்? ஒரு நூடுல்ஸ் உறை, இரண்டு பல்குத்தும் குச்சி. அதை ஒரு பையில் முடிந்து எடுத்துக்கொண்டு, லாரி வருகிற நாளெல்லாம் தவறாமல் வந்துவிடுவார். இன்னொரு பையில் கொய்யாத் துண்டுகள், மேலே உப்புப் பிளம் தூள் தூவி, சியூலுவானுக்கு. புதனும் ஞாயிறும் எங்களுக்கு லாரி கிடையாது. அந்த இரண்டு நாளும் அவருக்குச் சவரமும் கிடையாது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

அன்றைக்கு மனிதர் வந்தார், இரண்டு ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றிடம் போய்ப் பையை நீட்டித் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லாப் பழுத்தது. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு, காலை நீட்டி உக்காந்து சாப்பிடு."

"சரிங்கண்ணே, குளிச்சிட்டே சாப்பிடுறேன்" என்றான் பூன்கியாட்.

சந்து சிரித்த சிரிப்பில் லாரிப் பாட்டே அமுங்கிப்போயிற்று. கோ மட்டும் சிரிக்கவில்லை. குப்பைப் பையைப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி நடந்தார்.

மறுநாள் மத்தியானம் சியூலுவான் கடைக்கு வந்தாள். நகராட்சி எல்லாருக்கும் ஒரே அளவில் மேல்சட்டை கொடுத்திருந்தது. அதற்குள் இரண்டு சியூலுவான் குடித்தனம் நடத்தலாம். ஓரம் பிடிக்கச் சொல்லிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஹெல்மெட்டில் வெந்து, பெர்ம் பண்ணின முடி நூடுல்ஸ் மாதிரி ஒட்டிக் கிடந்தது. காலேஜ் பையன்களோடு போட்டி போட்டு, மணல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி ஜெயித்து வாங்கின வேலை அவளுக்கு. அந்த லாரியை விட்டு இறங்குவதென்றால் அவளுக்கு உயிர் போகிற மாதிரி.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. நீங்கதானே?"

"அடிப்பாவி, என் மிஷின் மேல சத்தியம். போன் பண்ணினது ஆம்பளையா பொம்பளையா, கேட்டியா?"

"சொல்ல மாட்டாங்களாம், ரகசியமாம். போட்டோகூட அனுப்பலையாம். வாயாலேயே ரொம்ப நேரம் பேசினாங்களாம். குப்பையை நசுக்குற தகடு என்ன வேகத்துல இறங்குது, நிறுத்துற பொத்தான் ஏன் கைக்கு எட்டாத பக்கம் இருக்கு, கையுறை நுனி மாட்டினா கையை எப்படி இழுக்கும்… எழுதிக்கிட்டவனுக்கே வேர்த்துப்போச்சாம்."

"எனக்குச் சட்டைப் பொத்தானைத் தவிர வேற என்னடி தெரியும்?"

அவள் யோசித்தாள். நான் அவளுக்கு முன்னாலேயே யோசித்து முடித்துவிட்டேன். இந்தக் காலத்தில் ஒருவன் தப்பான இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினால்கூட நாலு பேர் படம் பிடித்து அனுப்புகிறார்கள். வாயால் புகார் சொல்கிறவர் யார்? படமெடுக்க வராத பழைய மடக்குப் போன் வைத்திருப்பவர். தகட்டின் வேகம் யாருக்குத் தெரியும்? அதற்கு விரல் கொடுத்தவருக்கு.

அவள் தலை மறைந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு கோ வீட்டுக்குப் போனேன். வாசலில் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கோ அண்ணே, உங்களால என் பொழப்பு போகுது."

அவர் கத்தியை வைத்தார். மறுக்கவில்லை. "ஆமா. நான்தான்."

"ஏன்யா, உங்களுக்கு அந்தப் பொண்ணைப் பிடிக்கும்னு தெரு நாய்க்குக்கூடத் தெரியும். பிடிச்சவமேல புகார் குடுப்பாங்களா?"

"எனக்குப் போனப்போ வலிக்கவே இல்லம்மா" என்றார். "கீழ விரல் கெடக்கு. யாருது இதுன்னு குனிஞ்சு தேடறேன். அவ்வளவுதான் நேரம். அவ சிரிச்சுப் பேசிக்கிட்டே உள்ள கையை விடுறா. அப்பல்லாம் என் கையில இல்லாத ரெண்டு விரலும் மடங்குது."

"அதை அவகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'சரிண்ணே'ன்னு சிரிச்சா. மறுபடி விட்டா. அவளைத் தண்டிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. பொத்தானை மாத்தி வைப்பாங்கன்னுதான் நினைச்சேன்."

பொத்தானை யாரும் மாற்றவில்லை. ஹெல்மெட் கொடுத்தார்கள். தகட்டுக்குள் போவது கை, தலைக்கு ஹெல்மெட்! ஆனால் அதை நான் யாரிடம் புகார் செய்ய?

"இதோ பாருங்க," என்றேன். "வகுப்பு முடிஞ்சு வர்ற செவ்வாய்க்கிழமைக்குள்ள நீங்களே சொல்லிடணும். இல்லேன்னா நான் சொல்லிடுவேன். என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அவ என் முகத்துல முழிக்க மாட்டா."

"இப்ப மட்டும் முழிக்கிறாளா? கண்ணாடியில்ல போட்டிருக்கா! அவ சட்டையில ஓரம் சிவப்பு நூல்ல தைச்சிருப்பேன். அதைப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்சுக்குங்க."

சிவப்பு நூல் வேண்டுமென்றே போட்டதாக இப்போது தெருவில் பேச்சு. கல்யாணம் கூடிவர வேண்டுமென்று நிலாக் கிழவர் கோயிலில் கொடுக்கிற நூலும் சிவப்புதானே என்கிறார்கள். கடையில் மஞ்சள் நூல் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய் சாயங்காலம் பார்த்து வானம் தூறியது. லாரி வந்தது. இரண்டு பேரும் மேல்சட்டைக்கு மேலே ஒரே மாதிரி மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். என் சிவப்பு நூல் உள்ளே போயிற்று.

கோ பளபளவென்று சவரம் செய்து வந்திருந்தார். ஒரு கையில் குப்பைப் பை, இன்னொரு கையில் கொய்யாப் பையோடு செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. மனிதர் நேராகத் தப்பான ஹெல்மெட்டிடம் போனார். நான் தொண்டையைச் செருமினேன், குடையை ஆட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. செய்தித்தாள் பொட்டலத்தை அதன் கையில் திணித்து, பாட்டுச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமென்று கத்தியே சொன்னார்:

"போன் பண்ணினது நான்தான்! தையலக்கா இல்ல! உன் கை உள்ள போறதை என்னால பாக்க முடியல. திட்டணும்னா திட்டிக்க. இது நானே அடிச்ச கொக்கி. எது மாட்டினாலும் இதால இழு. கையால வேணாம்."

"அண்ணே, எனக்கு எதுக்கு?" என்றான் பூன்கியாட். "நான் பயந்தாங்கொள்ளி. கை என்ன, எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் லாரியின் மறுபக்கம் பார்த்தோம். அங்கே மீன் உருண்டைக்காரி வீசின பழைய கொசுவலை தகட்டின் ஓரத்தில் மாட்டி, வெளியே வால் மாதிரி இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சியூலுவானுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் முகம் கோவின் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் கைக்குக் காது ஏது? இத்தனை வருஷப் பழக்கத்தில் அது பாட்டுக்கு எழும்பி, வலையைப் பிடிக்க லாரி வாய்க்குப் போயிற்று.

"கை!" என்று அலறினார் கோ. அப்படியொரு சத்தம் அந்த மனிதருக்குள் இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை.

கை அந்தரத்தில் நின்றது. பூன்கியாட் ஓடிப்போய் எட்டாத பக்கம் சுற்றிச் சிவப்புப் பொத்தானை அடித்தான். தகடு முனகி நின்றது. அவன் கையிலிருந்த கொக்கியை சியூலுவான் வாங்கினாள், செய்தித்தாளைக் கிழித்தாள், ஒரே இழுப்பில் வலையைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு கோவிடம் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது.

"அப்போ நீங்கதானா?"

"நான்தான்."

"சனிக்கிழமை பூரா மீசை முளைக்காத ஒருத்தன் எனக்கு ஏணியில எப்படி ஏறணும்னு பாடம் எடுத்தான். எங்க லாரியில ஏணியே கிடையாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் முடியைப் பாத்தீங்களா?"

"பாக்க முடியல. ஹெல்மெட் போட்டிருக்கே."

மீன் உருண்டைக்காரி போனைத் தூக்கிப் படமெடுக்கப் பார்த்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். சியூலுவான் கொக்கியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

"கனமா இருக்கு."

"குடு, அரத்தால ராவி நாளைக்குக் கொண்டாரேன்."

"நாளைக்குப் புதன். லாரி கிடையாது."

கோ ஒரு நிமிஷம் யோசித்தார். "வியாழக்கிழமை," என்றார்.

அவள் கொக்கியைத் திருப்பித் தரவில்லை. கொய்யாப் பையைப் பிடுங்கிக்கொண்டு, பின்படியில் ஏறாமல் முன்னால் போய் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொக்கியின் நுனி வண்டிக் கண்ணாடிக்கு மேலே தெரிந்தது. பூன்கியாட் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கி, கொய்யாவில் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

லாரி பாடிக்கொண்டே முனையில் திரும்பியது. அப்போது பூன்கியாட்டின் மூக்குக்கு முன்னால் ஒரு கை நீண்டு சன்னலுக்கு வெளியே வந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து கையை நீட்டக்கூடாது என்று அந்த மீசை முளைக்காதவன் கட்டாயம் சொல்லியிருப்பான். கையுறையைக் கழற்றியிருந்தாள். தூறலில் ஐந்து விரலும் அகல விரித்து, எண்ணிக்கொள் என்பதுபோல அப்படியே பிடித்திருந்தாள். கோ திங்ஹாயும் தம் வலது கையைத் தூக்கினார். போட மறந்த குப்பைப் பை அந்த மூன்று விரல்களில் தொங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.