பதிமூன்றாம் தேதியின் மான்

ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது அந்த வெடிச் சத்தம் வந்தது. வெர்னா கையை நிறுத்திக் காது கொடுத்தாள். இந்தக் காலத்துத் துப்பாக்கியாக இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். இது அப்படியில்லை. மூடுபனிக்குள் எங்கோ ஒரு பெரிய மரக்கதவை யாரோ சாத்தியதுபோல மெத்தென்று எழுந்து, குன்றுகளைத் தடவிக்கொண்டே வந்து, சமையலறை ஜன்னலில் ஓய்ந்தது. பழங்காலத் துப்பாக்கியின் கரிமருந்துச் சத்தம். அவள் கணவர் ஹால்வர்தான்.

மணி எட்டு நாற்பது. வேறு வெடி வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. சிரித்துக்கொண்டாள். கையைக் கழுவி, கூடையிலிருந்து இரண்டு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். ஒரு வெடி என்றால் மான் விழுந்துவிட்டது, இன்றைக்கு ஈரலும் வெங்காயமும் என்று அந்த வீட்டில் நாற்பத்தோரு வருஷமாகக் கணக்கு.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஆறு துப்பாக்கிகள் மாட்டியிருந்தன. ஏழாவதன் கொக்கி காலியாக இருந்தது. எல்லாமே நூற்று முப்பது, நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தியவை. எல்லாமே ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் பிடிக்கும். அந்தச் சுவரில் பீங்கான் அலமாரி வைக்கவேண்டும் என்று வெர்னா ஆசைப்பட்டிருந்தாள்.

"மூணாவதை வாங்கினப்பவே இதுதான் கடைசின்னீங்க," என்று நேற்றுக்கூட அவரைச் சீண்டினாள்.

"அப்ப அதுதான் கடைசி," என்றார் ஹால்வர், குழலுக்குள் ஒரு கண்ணை வைத்தபடி.

மானைக் கிழித்துச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம், இழுத்து வர இன்னொன்று. அதுவரை அவளுக்குக் கவலை இல்லை. மூடுபனி கொட்டகையின் அடிப்பகுதியை அழித்துவிட்டிருந்தது. கூரை மட்டும் மிதந்தது. மாவு உப்பியது. பனி தூறத் தொடங்கியது. பதினோரு மணிக்கு, ஓடைக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் கொழுந்தன் ஆர்லோவைப் போனில் கூப்பிட்டாள்.

"பெருசா ஒண்ணை விழத்தட்டிட்டு இழுக்க முடியாம உக்காந்திருப்பாரு அண்ணி. வயசாச்சுன்னு சொன்னா அண்ணனுக்குக் கோவம் வேற வருது."

"உனக்கு மட்டும் இருபதாக்கும்."

"அதான் நான் சின்ன மானாப் பாத்துச் சுடறேன்."

பன்னிரண்டரைக்கு, அண்ணனைத் தேடிப் போயிருந்த ஆர்லோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். அந்த வாசலில் அவன் ஒருநாளும் தொப்பியைக் கழற்றியதில்லை. வெங்காயம் தட்டில் ஓரங்கள் சுருண்டு கிடந்தது.

ஹால்வர் மேட்டுக்குக் கீழே ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தாராம். மாரடைப்பு. வந்து பார்த்த மாவட்ட மரண விசாரணை அதிகாரி, பத்து நிமிஷம்கூட இருந்திருக்காது, நீங்கள் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். எல்லா வீட்டிலும் சொல்வதைச் சொல்லுகிற குரல் அது.

மாலையில், வந்தவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண்கள் திரிந்துகொண்டிருந்தார்கள். பேச்சுச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வெர்னாவுக்கு வந்து சேர்ந்தது. காலையில் கேட்ட அந்த வெடி மட்டும் இன்னும் ஓயாமல் வீட்டுக்குள் எங்கோ இருந்தது. அவள் ஆர்லோவை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"துப்பாக்கி எப்படி இருந்துச்சு?"

"தோட்டா போடற பூட்டு திறந்திருந்துச்சு. சுட்ட தோட்டாவோட கூடு பாதி வெளிய வந்து நின்னுச்சு. அடுத்த தோட்டா கையில."

"கையில எங்க? விரலிடுக்குலயா, உள்ளங்கையிலயா?"

ஆர்லோ பனியைப் பார்த்தான். ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிக்காரர்கள் அடுத்த தோட்டாவை இரண்டு விரலுக்கு நடுவே செருகி வைத்துக்கொண்டுதான் முதல் குண்டைச் சுடுவார்கள். அது வேட்டைப் பழக்கம். உள்ளங்கையில் பொத்தியிருந்தால், சுட்ட பிறகு அவசரமாகப் பையிலிருந்து எடுத்தது.

"கையில இருந்துச்சு அண்ணி," என்றான்.

"மான் எங்க ஆர்லோ?"

"என்ன?"

"ஒரு குண்டு சுட்டிருக்காரு. அது எந்த மானுக்கு?"

அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்: ஆபத்து என்றால் மூன்று வெடி, விட்டுவிட்டு. இப்போதைய துப்பாக்கியில் மூன்று மூச்சில் முடிகிற காரியம். ஹால்வரின் துப்பாக்கியில், கரி அப்பின கூட்டை நகத்தால் நெம்பி எடுத்து, அடுத்ததைப் போட்டு, பூட்டை ஏற்றி, சுத்தியலை இழுக்க வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு முதல் வெடியோடு நின்றுபோயிருக்கும். அவர் கூப்பிட்டிருக்கிறார். அவள் வெங்காயம் உரித்திருக்கிறாள். மான் ஒன்று அங்கே கிடந்தால்தான் அப்படி இல்லை என்று ஆகும்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே ஆர்லோ தலையை ஆட்டினான். நன்றாக இருட்டும்வரை டார்ச்சும் நாயுமாகத் தேடிவிட்டு, புருவத்தில் பனியோடு திரும்பி வந்தான். "காலையில பாக்கறேன்," என்றான்.

பில்லிங்ஸ் நகரத்திலிருந்து மகள் ஜோலீன் வந்து சேர்ந்தாள். "மான் இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா? சித்தப்பா பாவம், அவரை ஏன் பனியில விரட்டறே?"

வெர்னா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அப்பா கூப்பிட்டாரா என்று எப்படி மகளிடம் கேட்பது?

மறுநாள் பதினோரு மணிக்கு ஆர்லோவின் லாரி வளைவில் திரும்பி, மூடுபனியிலிருந்து மெல்ல மெல்ல உருவம் கொண்டு வந்தது. விடியுமுன்பே போனவன். கொட்டகையருகே நிறுத்திப் பின்கதவை இறக்கினான். ஆண் மான். நான்கு கிளைக் கொம்பு. வயிறு திறந்து சுத்தம் செய்யப்பட்டிருந்தது.

ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "சித்தப்பா..."

"எங்க கிடந்துச்சு?" என்றாள் வெர்னா.

"ஓடைக்குக் கீழ, காட்டுச் செர்ரிப் புதருக்குள்ள. அண்ணன் உக்காந்திருந்த இடத்துலேர்ந்து முந்நூறு அடி. பனி மூடிக்கிச்சு, அதான் நேத்து தெரியல." அவன் லாரிச் சக்கரத்திடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"எத்தனை குண்டு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"அண்ணனுக்கு எப்ப ரெண்டு தேவைப்பட்டிருக்கு?"

ஜோலீன் அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தியா, வேட்டையாடிட்டேதான் போயிருக்காரு. எப்படிப் போகணும்னு கேட்டிருந்தாலும் அப்பா இதைத்தான் சொல்லியிருப்பாரு."

வெர்னா கிட்டே போனாள். விலாவில் குண்டுபட்ட ஓட்டை கட்டைவிரல் நுழையும் அகலம். பழைய ஈயக் குண்டுதான், சந்தேகமில்லை. ஆர்லோவிடமும் அப்படிப்பட்ட துப்பாக்கிகள் நான்கு உண்டு. ரோமத்தில் உறைபனி இல்லை. முன்னங்காலைத் தூக்கினாள், மூட்டில் மடிந்தது. வாளித் தண்ணீர் அடிவரை உறைந்த இரவு அது. நேற்றுக் காலை விழுந்த மான் இந்நேரம் பலகையாகியிருக்கும்.

திறந்த வயிற்றுக்குள் கையை விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அவள் மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய ஆவி எழுந்தது.

ஆர்லோ அவளுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் வலது கன்னத்தில் கரி ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. சட்டைக் கையில் அழுகின முட்டை வாடை, கரிமருந்து வாடை. குடித்திருந்தாலும்கூட, சுட்ட மானைப் பற்றி மட்டும் பொய் சொல்லாத ஆள் என்று அந்தப் பக்கத்தில் அவனுக்குப் பேர். அவள் கையை எடுக்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து எந்த அடுப்பிலும் சூடேறாத விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

"என்னம்மா?" என்றாள் ஜோலீன்.

"ஒண்ணுமில்ல. உங்க சித்தப்பா நல்லா சுத்தம் பண்ணியிருக்கான்."

ஆர்லோ மூச்சை விட்டான். அது வெள்ளையாகக் கொஞ்ச தூரம் போய்க் கலைந்தது.

"அண்ணனோட வேட்டைச் சீட்டு வேணும் அண்ணி," என்றான் பிறகு. "கொம்புல கட்டணும்."

அதிகாரி கொடுத்துவிட்டுப் போன ஹால்வரின் கோட்டுப் பையில் அது இருந்தது. ஜோலீன் ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஓரம் முழுவதும் மாதங்களும், ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை தேதிகளும் அச்சடித்த மஞ்சள் சீட்டு. மான் விழுந்த நாளைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

ஆர்லோ மடக்குக் கத்தியைத் திறந்தான். நவம்பரை வெட்டினான். தேதிக்கு வந்ததும் கத்தி முனை நின்றது. நேற்றைய பதிமூன்றும் இன்றைய பதினான்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"குடு," என்றாள் வெர்னா.

சீட்டைப் பின்கதவின் தகரத்தில் வைத்து, கிட்டே குனிந்து, பதிமூன்றின் நான்கு பக்கமும் அவசரமில்லாமல் கீறினாள். கிழியாமல் வந்தது. சீட்டைச் சுருட்டிக் கொம்பின் அடியில் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டாள். வெட்டியெடுத்த துணுக்கு அவள் கட்டைவிரல் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பனி மறுபடி தூறத் தொடங்கியது. அவள் அதை உதறாமல், விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.