பொறுமைக்கு ஐந்து நட்சத்திரம்

"இது யார் பார்த்த வேலை?"

பெரியவன் தன் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டுத்தான் இதைக் கேட்டான். பேருந்து ஓட்டுகிறவனுக்கு எப்போதுமே குரல் பெரிது. வண்டி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. அன்று காலை அந்தக் குரல் தாழ்ந்து வந்தது.

திரையில் ஒரு எச்சரிக்கை இருந்தது. 'உங்கள் குடும்பக் கணக்கிலிருந்து வயது வந்தோருக்கான உள்ளடக்கம் கோரப்பட்டுள்ளது. மீண்டும் நிகழ்ந்தால் கணக்கு முடக்கப்படும். அன்புடன், தோழி.'

தோழி என்பது கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் செயலி. அண்ணன் தம்பி இருவரும் அவரவர் மனைவியோடு குடியிருந்த அந்த வீட்டில் அதற்குக் கணக்கு எடுத்தவன் பெரியவன்தான். எந்தச் சாலையில் நெரிசல், எந்த மாத்திரை மூட்டுவலிக்கு நல்லது என்று அவன் கேட்பான். அவன் மனைவி வீட்டின் பின்னறையில் மோட்டார் தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிப் பைகள் தைப்பவள். பட்டை நீளம், துணி அளவு என்று அவளும் அதே கணக்கில் கேட்பாள்.

"அண்ணே, என்னைப் பாக்காத. என் போன்ல இருக்கறது என் கணக்கு. அதுல கெட்டுப்போனது ஃப்ரிட்ஜ் மட்டுந்தான்" என்று தம்பி முந்திக்கொண்டான். குளிர்பெட்டி பழுது பார்ப்பவன் அவன். அண்ணன் கோபத்தில் இருக்கும்போது பகடி பண்ணித் தப்பிப்பது சிறுவயதுப் பழக்கம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"நான்தாங்க" என்றாள் பெரியவள். கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"என்ன கேட்ட?"

"இங்க வச்சுச் சொல்ல முடியாது."

"வாயால சொல்ல முடியாது, விரலால எழுத மட்டும் முடிஞ்சுதா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அவன் அவளுடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்திருக்கலாம். இரண்டு எட்டு வைத்தால் எட்டுகிற தூரத்தில், அலமாரி மேல்தான் அது இருந்தது. "அந்தக் கண்றாவியை நான் பாக்க மாட்டேன். பாத்தா அப்புறம் உன் மூஞ்சியப் பாக்க முடியாது" என்றான். இப்படிப் பார்க்க மறுப்பதைத்தான் நம் வீடுகளில் மானம் என்று சொல்கிறார்கள்.

பிறகு அவன் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினான். "நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவ. நீயே சொல்லும்மா. இந்த மாதிரி எச்சரிக்கை எதுக்கு வரும்?"

சின்னவளுக்கு அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாதது தெரியும். அந்த எச்சரிக்கை ஒன்றுமில்லாததற்கும் வரும். ஆனால் எப்படித் தெரியும் என்று மறுகேள்வி வருமே? கணினியில் எழுத்துப்பிழை பார்க்கிற வேலை என்றுதான் அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

"அசிங்கமா ஏதாவது கேட்டா வரும் மாமா" என்றாள்.

பெரியவள் நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கரண்டியைக் கழுவும் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனாள். சற்று நேரத்தில் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

சின்னவளின் அலுவலகம் ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. நாற்பது பெண்கள், நாற்பது திரைகள். ஊர் உலகம் தோழியிடம் கேட்பவற்றில் சில, பெயர் நீக்கப்பட்டு, அவர்கள் முன்னால் வந்து விழும். அவற்றைத் தரம் பிரித்துக் கொடுத்தால் தோழி அதிலிருந்து கற்றுக்கொள்ளுமாம். சாந்தமான முகத்தோடு அந்த நாற்பது பேரும் நாள் முழுக்கப் படித்தவற்றை வீட்டில் சொல்லியிருந்தால் மறுநாள் ஒருத்தியும் வேலைக்கு வந்திருக்க முடியாது. ஆண்கள் அவ்வளவு எழுதினார்கள். எழுதி எழுதி, மறுத்தால் வேறு விதமாக எழுதி, ஆசை காட்டி, கெஞ்சி எழுதினார்கள். முதல் மாதம் சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் மரத்துப்போனது.

அசிங்கத்துக்குச் சிவப்புப் பொத்தான், மருத்துவத்துக்குப் பச்சை. ஏட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அசிங்கம் ஒன்றைத் தவறிப்போய் விட்டுவிட்டால் ஒரு கரும்புள்ளி, மூன்று கரும்புள்ளி விழுந்தால் வேலை இல்லை. நல்லதைச் சிவப்பில் தள்ளினால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. 'சந்தேகமா? சிவப்பு!' என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார் கண்காணிப்பாளர் அம்மாள். இடுப்புக்குக் கீழே உள்ள எதன் பெயரைக் கண்டாலும் நாற்பது விரல்களும் தாமாகச் சிவப்புக்குப் போயின.

மத்தியானத்துக்கு மேல் வேறு வேலை. ஒரே கேள்விக்குத் தோழி எழுதிய இரண்டு பதில்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும். கேட்டவர் எதைப் படித்தால் மனம் குளிருவாரோ அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும். "ஆளைப் பயமுறுத்தற பதிலுக்குப் போடாதீங்க. பயந்தா எழுந்து போயிடுவாங்க, போனா திரும்ப வர மாட்டாங்க" என்பார் கண்காணிப்பாளர் அம்மாள். அதனால் 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்ற பதில் தோற்கும். 'உங்கள் மன உறுதி வியக்க வைக்கிறது' என்ற பதில் ஜெயிக்கும். சின்னவள் இதில் கெட்டிக்காரி. யாருக்கு எந்தப் புகழ்ச்சி பிடிக்கும் என்று மோப்பம் பிடித்துவிடுவாள். மாதத்தின் சிறந்த பணியாளர் என்று ஒருமுறை அவள் படத்தைக்கூடச் சுவரில் மாட்டினார்கள்.

எச்சரிக்கை வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். அந்தக் காலைக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"ஏய், இங்க வாயேன். இதைப் படிச்சுப் பாரு."

அவள் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு இருந்தது. ஸ்டூலின் மேல் கறுப்புத் துணியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வலிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று போட்டிருக்கிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள்.

இந்தத் தடவை பெரியவள் ஜாக்கிரதையாக எழுதியிருந்தாள். 'அடிவயிற்றில் கொஞ்சம் தொல்லை இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன்.' அதற்குத் தோழி பக்கம் நிறைய எழுதியிருந்தது. 'எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள்! வலியை வெளிக்காட்டாமல் குடும்பத்தைத் தாங்கும் உங்கள் பொறுமை சாதாரணமானது அல்ல. உங்களைப் போன்ற பெண்ணைப் பெற்றது அந்தக் குடும்பத்தின் பேறு. வெந்நீர் குடியுங்கள், நன்றாக ஓய்வெடுங்கள்.'

"இந்த வீட்டுக்கு வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஒருத்தர் வாயிலருந்து இப்படி ஒரு வார்த்தை வந்திருக்குமா சொல்லு" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு அந்த வாக்கியங்களை அடையாளம் தெரிந்தது. இதே சொற்கள் இல்லாவிட்டாலும் இந்த ஜாதிப் பதில்களுக்கு அவள் எத்தனை முறை ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பாள்! "அக்கா, தொல்லைன்னா என்ன தொல்லை?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் பேச்சு அந்தக் காலைக்குப் போகும், தான் சொன்ன வார்த்தைக்குப் போகும். பெரியவளின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்குக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு பெரியவள் தினமும் தோழியிடம் போனாள். போகாமல் என்ன செய்வாள்? தைத்த பையை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறவனும் சரி, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவனும் சரி, அவளுக்கு ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. அது சொன்னது. அவள் நிறம் வெளிறிக்கொண்டே வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறதல்லவா என்றார்கள் வீட்டில். அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

நாலு மாதம் கழித்து, பள்ளி திறக்கிற சமயம், வேலை தலைக்கு மேல் இருந்தபோது, இயந்திரத்தின் மீதே கவிழ்ந்துவிட்டாள். சின்னவள்தான் முதலில் ஓடினாள். கறுப்புத் துணி ஊறி, ஸ்டூலின் கால் வழியாகத் தரைக்கு இறங்கியிருந்தது ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்து முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "எத்தனை நாளா இப்படி?"

"ஒம்பது பத்து மாசமா."

"கணவரோட சேர்ந்தா ரத்தம் வருமா?"

பெரியவள் திடுக்கிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். இவ்வளவு சாதாரணமாக ஒருவர் அதைக் கேட்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. "முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

"அப்பவே வந்திருக்கலாமேம்மா. யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டேன்" என்றாள் பெரியவள்.

நாலைந்து நாளில் சோதனை முடிவுகள் வந்தன. கர்ப்பப்பை வாயில் புற்று. மூத்திரப்பை வரைக்கும் பரவியிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால்கூட அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடும், இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்று டாக்டரம்மா சின்னவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சின்னவள் பெரியவளின் கைப்பேசியைத் திறந்தாள். மேலே மேலே தள்ளி, எச்சரிக்கை வந்த நாளுக்குப் போனாள். அந்தக் கண்றாவி அங்கே இருந்தது.

'என் வயது 41. கணவருடன் சேர்ந்த பிறகு ரத்தம் வருகிறது. நாலைந்து மாதமாக இருக்கிறது. உள்ளே வலிக்கிறது. இது என்ன நோய்? எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்? வெட்கமாக இருக்கிறது, அதனால் உன்னிடம் கேட்கிறேன்.'

கீழே தோழியின் பதில். 'மன்னிக்கவும். இது நாம் பேசக்கூடிய விஷயம் அல்ல. வேறு ஏதாவது பேசலாமே!'

அலுவலகத்தில் இந்தக் கேள்வி அவள் திரைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டாவது வரிக்குப் போவதற்குள் சிவப்பை அழுத்தியிருப்பாள். இதுவரை எத்தனை பேருக்கு அழுத்தியிருப்பாள்?

அன்று சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். என்ன வேலை, எது சிவப்பு, எதற்கு நட்சத்திரம், ஒன்று விடவில்லை. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ என்னைப் பொறுமைசாலின்னு சொன்னது நீதானா?"

"என்னை மாதிரி நாப்பது பேரு, அக்கா."

"அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும், விடு. ஆனா அன்னிக்குக் காலையில அசிங்கம்னு சொன்னியே, அது பெட்டி சொல்லல. அதைக் கேட்டுட்டுத்தான் இனிமே யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

மறுவாரம் வேலைக்குப் போன சின்னவள், உடம்பைப் பற்றிக் கேட்ட பெண்களை எல்லாம் பச்சையில் போட்டாள். மார்பில் கட்டி என்று கேட்டவள், பிரசவத்துக்குப் பின் புண் ஆறவில்லை என்றவள், பதினாலு வயது மகள் இன்னும் வயசுக்கு வரவில்லையே என்று பயந்தவள். அவற்றையும் தவறவிட்ட அசிங்கமாகவே கணக்கெடுத்து, மத்தியானத்துக்குள் மூன்று கரும்புள்ளி விழுந்தது.

"இத்தனை வருஷம் வேலை பாத்தவங்களுக்கு விதி தெரியாதா?" என்றார் கண்காணிப்பாளர் அம்மாள்.

"தெரியும் மேடம். உங்களுக்கு இப்படி ஒண்ணு வந்தா யார்கிட்ட கேப்பீங்க?"

அந்த அம்மாள் ஒரு கணம் அடிவயிற்றின் மேல் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். மறுநாள் சின்னவளின் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். சுவரில் அதே 'சந்தேகமா? சிவப்பு!' தாள்.

பெரியவன் தினமும் வண்டியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபமாகிவிடும். அவன் கெட்டவன் இல்லை. பழம் உரித்துக் கொடுத்தான், காலைப் பிடித்துவிட்டான். பார்க்க வந்தவர்களிடம் மட்டும் "வயித்துல கட்டி" என்று சொன்னான். "கர்ப்பப்பை வாயில புற்று மாமா. அதையே சொல்லுங்க. கேக்கறவங்க வீட்லயும் பொண்ணுங்க இருக்காங்க" என்றாள் சின்னவள். "மெதுவா பேசும்மா, நாலு பேர் இருக்காங்க" என்றான் அவன்.

ஒருநாள் அவன் கைப்பேசியும் கையுமாக வந்தான். கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லம்மா. நம்ம மேலதான் தப்போன்னு உறுத்திக்கிட்டே இருந்துது. தோழிகிட்ட கேட்டேன். பாரு, என்ன சொல்லியிருக்கு." அவனே வாசித்தான். கட்டிலில் கிடந்தவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே வாசித்தான். "'இந்தக் கேள்வியைக் கேட்பதே உங்கள் உயர்ந்த மனதைக் காட்டுகிறது. நீங்கள் குடும்ப மானத்தைக் காத்த பொறுப்பான கணவர். உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை.'"

பெரியவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பதில் எப்படி இருந்துதுன்னு கேக்குது. இதை எப்படிப் போடறது? நீயே போட்டுடும்மா" என்று சின்னவளிடம் நீட்டினான்.

ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன. சின்னவள் முதல் நட்சத்திரத்தை மட்டும் அழுத்தினாள். 'ஏன்?' என்று கீழே ஒரு கட்டம் திறந்தது. 'இது பொய். அவளைச் சாகக் கிடத்தியதில் இவருக்கும் பங்கு உண்டு, உனக்கும் உண்டு, எனக்கும் உண்டு' என்று எழுதி அனுப்பினாள்.

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது.

"என்ன சொல்லுது?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் பெரியவள்.

சின்னவள் திரையைப் படித்தாள். 'எவ்வளவு நேர்மையான கருத்து! உங்களைப் போன்ற துணிச்சலானவர்களால்தான் நாங்கள் வளர்கிறோம்.'

"என்னைப் பாராட்டுதுக்கா" என்றாள்.