தோளில் நான்கு விரல்கள்

"பட்டன். பட்டன். பட்டன்" என்று கணினி என் காதுக்குள் சொல்லிக்கொண்டே போனது. வாங்க எது, ரத்து செய்ய எது, ஒன்றுக்கும் பெயர் இல்லை. திரையில் இருப்பதை என்னைப் போல் பார்வையில்லாதவர்களுக்குப் படித்துச் சொல்வதுதான் அந்த மென்பொருளின் வேலை. எழுதாததை அது எங்கிருந்து படிக்கும்? நடுவில் தள்ளுபடி அறிவிப்பு ஒன்று குதித்தது. உள்ளே போனவளால் எந்த விசையைத் தட்டியும் வெளியே வர முடியவில்லை. வந்த ஆளை மடக்கிப் போடுவதில் இணையதளம் அப்படியே முதலாளியை உரித்து வைத்திருந்தது. முதலாளி என் அண்ணன்.

எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் கொடுக்கும் வாய்ப்பு வந்திருந்தது. பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி இணையதளம் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்தில்தான் எனக்கு வேலை.

"நம்ம வீட்லயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதுக்குன்னு வந்தேன் பாப்பா."

நாற்பத்திரண்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். இதற்கு முன் அப்படிக் கூப்பிட்டது ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்த மாதம். "கரண்ட் கனெக்‌ஷன் பேர் மாத்தணும் பாப்பா, இங்க ஒரு கையெழுத்து" என்று என் விரலைப் பிடித்துத் தாளில் வைத்தார். போட்டேன். அப்பாவின் துணிக்கடையில் எனக்கிருந்த பாதியை மனப்பூர்வமாக அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததாம். மூன்று மாதம் கழித்து அண்ணிதான் சொன்னாள். "நீதானே கையெழுத்துப் போட்ட?" என்றும் கேட்டாள். நான்தான் போட்டேன்.

பதினெட்டு வருஷம் அந்தக் கடையில் நின்றவள் நான். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் எத்தனை துவைப்புத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். பேரம் முற்றினால் அப்பா என்னை முன்னால் தள்ளிவிடுவார். "மூஞ்சியத் தொங்கப் போட்டா எம்பொண்ணுகிட்ட செல்லாதுங்க" என்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தோற்பார்கள்.

சான்று கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார், அதோடு கதை முடிந்திருக்கும். எனக்கு அவ்வளவு சல்லிசாக முடிக்க மனம் இல்லை.

'எங்கள் வரலாறு' என்ற பக்கத்தில் ஒரு படம் இருந்தது. மென்பொருள் சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போனது. வெறும் அலங்காரம் என்று குறித்து வைத்தால் அப்படித்தான் தாண்டும். கோப்பின் பெயரைத் தேடிப் படிக்க வைத்தேன். "அப்பா கடை கட் ஃபைனல் டூ" என்றது கணினி.

"அண்ணா, இது என்ன படம்?"

"அதா? சும்மா அழகுக்கு. கடை திறந்தன்னிக்கு எடுத்தது. அப்பாவும் நானும்."

"கட் பண்ணதுன்னு பேர் வெச்சிருக்கே?"

நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. "ஓரத்துல அலமாரி ஒண்ணு தெரிஞ்சுது. அதான் வெட்டச் சொன்னேன்."

"அலமாரி என்ன உயரம் இருக்கும்? என் உயரமா?"

"உனக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்று சிரித்தார்.

அவர் போனதும் பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டேன். படத்தை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு பேர் நிக்கறாங்கக்கா. பெரியவர் தோள்ல ஒரு பொண்ணோட கை இருக்கு. நாலு விரல். ஆளைக் காணோம்."

அன்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. கையையும் வெட்டியிருந்தால் அப்பாவின் தோளும் போயிருக்கும். அதனால் விட்டுவைத்திருக்கிறார்கள்.

மூன்று வாரத்தில் அண்ணனின் ஆட்கள் பட்டன்களுக்குப் பெயர் வைத்தார்கள், தள்ளுபடிப் பெட்டிக்கு வாசல் வைத்தார்கள். பக்கத்து மேஜைப் பெண் பார்த்துச் சொல்லச் சொல்ல, நூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கு நான் விவரம் எழுதினேன். பார்க்க முடியாதவர்களுக்கு மட்டும் கேட்கும் விவரம் அது. படத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், இல்லாததை எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஒரு சொல் கூட்டவில்லை. முதலாளி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் விதிதான். அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"படிச்சுப் பாருங்கண்ணா."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

"ஒரு தடவை படிச்சிடுங்க."

"நேரம் ஆகுது பாப்பா."

"அப்புறம் படிக்கலைன்னு சொல்லக் கூடாது."

மூன்று முறை சொல்லிவிட்டேன். எனக்கு ஒருமுறைகூட யாரும் சொல்லவில்லை. "எங்க போடணும்?" என்றார். அவர் விரலைப் பிடித்துத் தாளின் கீழ் ஓரத்தில் வைத்தேன்.

மருத்துவமனையின் கொள்முதல் அறையில் குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது. சோதித்தவள் என்ற முறையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கொள்முதல் அதிகாரிக்கும் பார்வை இல்லை என்பது அண்ணனுக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. தெரிந்ததும் குரலில் வெல்லம் கரைந்தது. அதிகாரி காதில் மாட்டிக்கொண்டு விசைகளைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். திரும்பப் போனார். மாட்டியதைக் கழற்றிவிட்டு, சத்தத்தை வெளியே விட்டார்.

"கடை வாசலில் தந்தையும் மகனும். தந்தையின் தோளில் ஒரு பெண்ணின் நான்கு விரல்கள். பெண் படத்திலிருந்து வெட்டப்பட்டிருக்கிறாள்."

யாரோ தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்றார் அதிகாரி.

"அது... ஏதோ தப்பா எழுதியிருக்காங்க சார்."

"எல்லாம் சரின்னு விவரத்துக்குக் கீழ நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

அண்ணன் எழுந்து என் பின்னால் வந்து குனிந்தார். "பாப்பா, நீ சொல்லேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அவர் கை என் தோளில் விழுந்தது. நான்கு விரல்கள், கட்டை விரல் பின்னால் எங்கோ முதுகில். சட்டைக் கையின் துணி என் கழுத்தில் உரசியது. மூன்று துவைப்புத் தாங்காது.

அதிகாரி மறுபடியும் விசையைத் தட்டினார். கணினி முதலிலிருந்து ஆரம்பித்தது. என் தோளில் அண்ணனின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சில்லிட்டன.