குனிய முடியாதவர் எழுதிய கதை

1

இந்தக் கதை ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் உடல்நலப் பக்கத்திலிருந்து சுடப்பட்டது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, குனிந்து கட்டைவிரலைத் தொட முடியாத நடுவயதுக்காரர்களுக்கு ரத்தக் குழாய்களும் விறைத்திருக்கக்கூடும் என்று அதில் போட்டிருந்தது.* கொல்கத்தாவில் ஜாதவ்பூரில் குடியிருக்கும் வங்கி அதிகாரி வெங்கடநாராயணன் எழுத்தாளரும்கூட. (அப்படி அவர்தான் சொல்லிக்கொள்கிறார்.) ஒரு சோகக் கதைக்கு ஆள் கிடைத்துவிட்டதென்று உட்கார்ந்தார்.

"யாருக்கும் குனியாத அந்த மனிதர் நிமிர்ந்தபடியே செத்துப்போ

பாதியிலேயே கோடு போட்டு அடித்துவிட்டார். மேடைப் பேச்சு மாதிரி இருந்தது.

* குழாய் விறைத்ததால் உடம்பு வளையவில்லையா, உடம்பு வளையாததால் குழாய் விறைத்ததா? நாளிதழ் சொல்லவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

2

பாத்திரத்தின் வேதனை தனக்குத் தெரிய வேண்டுமென்று கூடத்துத் தரையில் கால் நீட்டினார். விரல்கள் முழங்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டன. கட்டைவிரல் அடுத்த மாநிலத்தில் இருந்தது.

"என்னன்னா, எதையாவது தொலைச்சுட்டேளா?" மனைவி மாதங்கி எட்டிப் பார்த்தாள்.

சொன்னார். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே மடக்கில் பாதத்தையே பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குக் கதை எழுதுவாளா? மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்கோ. நானும் வரேன். தனியா விட்டா அங்கேயும் கதை அளப்பேள்."

(கதாநாயகன் யோசித்தான் என்பதா, பயந்தான் என்பதா என்று வெகுநேரம் தடுமாறினார். பயந்தார்.)

3

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் மேக்னா அவருடைய பிரஷரை அளந்தாள். "நார்மல், காக்கு. குனிய முடியாதது ஒரு அறிகுறியாக இருக்கலாம். அதுவே வியாதி இல்லை," என்று வங்காள மொழியில், சித்தப்பா முறை வைத்துச் சொன்னாள்.

அவருக்கு நிம்மதி. கொஞ்சம் ஏமாற்றமும். கதை போயிற்றே!

"வந்ததுதான் வந்தீர்கள், காக்கிமா, நீங்களும் கையை நீட்டுங்கள்."

மாதங்கி சிரித்துக்கொண்டே நீட்டினாள். மேக்னா அளந்தாள். மறுபடி அளந்தாள். அப்புறம் பட்டையை மறு கையில் கட்டினாள்.

"இவ்வளவு ஏறியிருக்கிறதே! இன்றைக்கே மாத்திரை ஆரம்பியுங்கள். இதயத்துக்கு ஒரு எக்கோவும் எடுக்க வேண்டும்."

மாதங்கி கணவர் பக்கம் திரும்பினாள். "நான்தானேன்னா காலைத் தொட்டேன்?" என்று தமிழில், நியாயம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

4

முடிவு ஒன்று: மாத்திரை வேலை செய்தது. இருவரும் தினமும் ஏரிக்கரையில் கைகோத்து நடந்தார்கள். (மாத்திரை விளம்பரம்.)

முடிவு இரண்டு: ஒரு காலை, மாதங்கி காபி போட எழுந்திருக்க

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. கதைகளில் எத்தனையோ பேரைக் கூசாமல் கொன்றவர். அவர்களில் ஒருவருக்கும் அவர் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்ததில்லை.

தோளுக்குப் பின்னாலிருந்து மாதங்கி படித்துவிட்டாள். "பாதில நிறுத்திட்டேளே? எனக்கு என்ன ஆச்சு?"

"தெரியலடி."

"தெரியாட்டா எழுதாதீங்கோ. நாளைக்குக் காலம்பற எக்கோ. சீக்கிரம் படுங்கோ."

5

ஆகவே முடிவு இல்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அவள் படிப்பாள்.