துரைக்குக் காட்டிய படம்

யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த யசோதினி டீச்சருக்கு, தோட்டத்து ஓடைப்பள்ளத்தைப் பார்த்த அன்றே மனம் அங்கே ஒட்டிக்கொண்டது. கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணுவும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இன்னும் நான்கு வீட்டாரும், அங்கே தேயிலைக்குக் கீழே யாரும் எட்டிப் பார்க்காத சரிவில் சேம்பும் அவரையும் மரத்தக்காளியும் போட்டிருந்தார்கள். ஓடையோரத்துக் காட்டு மரம் ஒன்றைக்கூட வெட்டவில்லை. குருவிச் சத்தம் ஓயாத இடம்.

"அந்தப் பக்கம் ஏன் அக்கா ஒண்டும் போடேல்லை?"

"இந்த வருசம் அது சும்மா கெடக்கட்டும் டீச்சர். மண்ணு களைச்சுப் போகும்ல. எங்க மாமனார் காலத்துல இருந்தே இப்பிடித்தான்."

2003இல், பழைய முறையில் நிலத்தைப் பேணி உயிரினங்களைக் காப்பவர்களுக்கு நிதி தருவதாகக் கொழும்பு நிறுவனம் ஒன்று பேப்பரில் விளம்பரம் செய்தது. யசோதினி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். பள்ளத்தைப் படமாகவும் வரைந்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பினாள். நிலம் தோட்டத்துடையது என்பதால், தோட்ட நிர்வாகியான துரையின் சம்மதக் கடிதம் மட்டும்தான் பாக்கி.

"தொரைகிட்டயா கேக்கணும்?" அம்மாக்கண்ணுவின் முகம் மாறியது. "வேணாம் டீச்சர். அவருக்குத் தெரியாததுனாலதான் அது இருக்கு."

"நல்ல விசயத்துக்குத்தானே கேக்கிறம். மாட்டன் எண்டு சொல்லமாட்டார்."

துரை அன்பாகத்தான் பேசினார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதா?" என்றார். சும்மா இல்லை என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. படத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பள்ளத்தில் மரங்கள் விழுந்தன. தொழிற்சாலை விறகுக்கு யூக்கலிப்டஸ் நடப்போகிறார்களாம். சேம்பைத் தோண்டிக்கொள்ள இரண்டு நாள் கொடுத்தார்கள். வெட்டப் போன ஆட்களில் அம்மாக்கண்ணுவின் கணவன் மாயாண்டியும் இருந்தான். துரை சொன்ன வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

யசோதினி லயத்துக்கு ஓடினாள். "எல்லாம் என்னாலதான் அக்கா."

அம்மாக்கண்ணு சேம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நான் வேணாம்னு சொன்னேன்ல" என்றாள். அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் யசோதினியால் தாங்கியிருக்க முடியும்.

நிதி ஒதுக்கியாகிவிட்டது, சம்மதக் கடிதத்தை அனுப்பவும் என்று சித்திரை விடுமுறைக்குப் பின் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அவள் மூன்று முறை மறுமொழி எழுதினாள். மூன்றிலும் குற்றம் துரையின் மேலேயே விழுந்தது. மூன்றையும் கிழித்துப் போட்டாள். நான்காவதில், 'அந்த இடம் இப்போது இல்லை. வேண்டாமென்று அவர்கள் சொல்லியும் படத்தைத் துரையிடம் கொண்டுபோய்க் காட்டியவள் நான்' என்று எழுதித் தபாலில் சேர்த்தாள்.